லேத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் தங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி வழிகாட்டி இணைப்பை வரி விடாமல் படித்தேன். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் தகுதியும் கடைசி நாளும் மட்டும். என் மகளுக்காக மூன்று வாரம் அலைந்து நானே தெரிந்துகொண்டவை அந்தக் கட்டத்தில் இல்லை. என்னைப் போல அலையும் மற்ற பெற்றோருக்காக அவற்றை எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் குடியிருக்கும் டர்னர், லேத் என்ற கடைசல் மெஷினில் இரும்பைக் கடைகிறவன். 1990இல் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் டீ வாங்கி வருவதும் இரும்புச் சுருளை அள்ளிக் கொட்டுவதும்தான் வேலை. அப்புறம் பம்பு ஷாஃப்ட்டுக்கு முகம் தட்ட, அதாவது முனையைச் சமமாகக் கடைய விட்டார்கள். டூல் என்ற வெட்டும் கருவியைப் பிடிக்க முதலாளியின் கையைப் பார்த்துக் கற்றேன். இன்றைக்குக் கணினியால் ஓடும் சிஎன்சி லேத்தில், மெஷினை வேலைக்குத் தயார்ப்படுத்தும் செட்டராக இருக்கிறேன், வேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் ஒரு பொதுத்துறை ஆலை டர்னர் வேலைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பமே போட முடியவில்லை. ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் கை மட்டும்தான் இருந்தது.

மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்து இந்த வருடம் பத்தாவது தேறினாள். கணக்கு நன்றாக வரும். போன முறை கொடிசியா அரங்கில் நடந்த இயந்திரக் கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஐந்து திசையில் அசைந்து வெட்டும் ஓர் ஐந்து அச்சு மெஷின் முன்னால் அரை மணி நேரம் நின்றவள், வீட்டுக்கு வந்து, "நானும் மெஷின் வேலைதான் படிக்கப் போறேன்பா" என்றாள். வீட்டில் அவள் அம்மாவுக்குத் தயக்கம். பொம்பளைப் பிள்ளை ஆயிலும் கிரீசுமாக நிற்க வேண்டுமா என்று கேட்டாள். எங்கள் கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் நான்கு பெண்கள், மெஷினில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருநாள் மனைவியை அவர்களோடு பேச வைத்தேன். அதற்குப் பிறகு அவளும் சரி என்றாள். எங்கே படிக்க வைப்பது என்ற கேள்விதான் மிச்சம்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியவில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். மிதிவண்டி, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் இங்கே கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். இரண்டும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. வருகை குறையாமல் இரண்டு வருடம் போனால் 1,750 ரூபாய் வீதம் 42,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் வரும். படிப்புக்கு நாம் கொடுப்பது அநேகமாக ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கம், நான் போய்ப் பார்த்த ஒரு தனியார் சிஎன்சி பயிற்சி மையத்தில் 45 நாளுக்கு 38,000 ரூபாய் கேட்டார்கள். மாதத் தவணைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், கணினித் திரையில் டூல் போவதையும் ஜாப் (செய்யும் பொருள்) உருவாவதையும் ஓட்டிக் காட்டினார்கள். பின்னால் ஒரு விஎம்சி மெஷின் (சுழலும் டூலால் வெட்டும் சிஎன்சி மில்லிங் மெஷின்) பாலிதீன் உறை போட்டு நின்றது. ஓட்டிக் காட்டச் சொன்னேன். அதற்கான சார் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் குனிந்து மெஷினுக்கு அடியில் இரும்புத் துகள் விழும் தட்டைப் பார்த்தேன். துடைத்து வைத்த சாப்பாட்டுத் தட்டு போல இருந்தது.

ஆசிரியர் அவர்களே, பெற்றோர் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்த நிலையத்துக்குப் போனாலும் லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் அடியில் குனிந்து பாருங்கள். அங்கே விழுந்து கிடப்பது பிள்ளைகளின் கை எத்தனை நேரம் மெஷினில் இருந்தது என்பதைச் சொல்லிவிடும். காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) கடைந்திருந்தால் கறுப்புப் பொடி கிடக்கும். எம்.எஸ். என்ற மென் எஃகு கடைந்திருந்தால் சுருள் கிடக்கும். பித்தளை என்றால் மஞ்சள் துகள். சுருள் நீலம் பாரித்திருந்தால் ரொம்பக் கடினமான கார்பைடு டூல் போட்டு நல்ல வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். சிஎன்சி மெஷினின் கதவைத் திறந்தால் மூக்கும் உதவும்: ரொம்ப நாள் ஓடாத மெஷினில், சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் அழுகி நாறும். இதற்கு டர்னராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, யாரும் பார்க்கலாம், முகரலாம்.

குறுகிய காலப் பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் சாதா லேத்தில் நின்ற ஒருவர் சிஎன்சிக்கு மாறப் போனால் அவருக்கு 45 நாள் போதும், பயனும் உண்டு. பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு அது போதாது. நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு சின்ன கம்பெனிக்கு அப்படி ஒரு சான்றிதழோடு ஒரு பையன் வந்தான். சுறுசுறுப்பான பையன். இரவு ஷிப்டில், துளையைக் கடையும் போரிங் டூல் உடைந்தது. வேறு ஹோல்டரில் வேறு டூலை மாட்டினான். அதன் நீளம் முன்னதைவிட அதிகம், மறுபடி டூல் நுனியை ஜாப்பில் தொட வைத்து, அந்த அளவை மெஷினில் பதிய வேண்டும், அதாவது ஆஃப்செட் எடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. பச்சைப் பொத்தானை அழுத்தினான். டூல் முழு வேகத்தில் போய், ஜாப்பைப் பிடித்திருக்கும் சக் தாடையில் மோதியது. டூல் மாற்றும் டரட் கோணி, மெஷின் ஒன்பது நாள் நின்றது. அந்தப் பையன் பயந்து மறுநாள் வரவே இல்லை. புது டூல் போட்டால் முதல் ஜாப்பை சிங்கிள் பிளாக்கில், வேகத்தைக் குறைத்து, புரோகிராமின் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் அவன் பக்கத்தில் நின்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அவனிடம் பணம் வாங்கியவர்கள் அதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஜாப்பை மாட்டிப் பொத்தான் அழுத்துகிறவர் ஆபரேட்டர். டிராயிங் படித்து, டூல் தேர்ந்து, ஆஃப்செட் எடுத்து, முதல் ஜாப்பை அளவில் கொண்டுவருகிறவர் செட்டர். இருவர் சம்பளமும் முதல் வருடம் பக்கத்தில்தான் இருக்கும், ஐந்தாவது வருடம் பார்த்தால் ரொம்ப தூரம். பிள்ளையை இதில் எதுவாக ஆக்கி அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அடுத்துத் தனியார் ஐ.டி.ஐ.க்கள். இரண்டு பார்த்தேன். ஒன்றில் இருபது பிள்ளைகளுக்கு இரண்டு லேத் ஓடியது, மற்றவை நின்றன. இரண்டாமாண்டுப் பையன் ஒருவனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஒரு ஷாஃப்ட்டை அளக்கச் சொன்னேன். அழுத்தம் மீறாமல் காக்கும் ராட்செட்டைத் திருகாமல் சி-கிளாம்ப் இறுக்குவது போல இறுக்கினான். இன்னொன்று ஓர் அறக்கட்டளை நடத்துவது. வருடம் 25,000 ரூபாய் கட்டணம். பதினான்கு லேத்தில் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் செய்த ஜாப் ஒவ்வொன்றையும் தேதி எழுதி மாட்டி வைத்திருந்தார்கள். அரசு நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டால் கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கலாம் என்று தோன்றியது. ஆகவே தனியார் என்றால் மோசம் என்றோ, காசு வாங்கினால் ஏமாற்று என்றோ முடிவு செய்துவிட முடியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நான் பார்த்த அரசு ஐ.டி.ஐ.க்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. கட்டடம் பழசு, லேத்துகள் அதைவிடப் பழசு. ஆனால் வாசலுக்குப் போகும் முன்பே சத்தம் கேட்டது, அந்தச் சத்தமே எனக்குத் தெம்பாக இருந்தது. ஓரத்தில் கிரைண்டரில் ஒரு பையன் எச்.எஸ்.எஸ். எஃகு டூலைத் தானே தீட்டிக்கொண்டிருந்தான், கோணம் பார்க்க கேஜ் வைத்திருந்தான். மில்லிங் மெஷினில் இரண்டாமாண்டு மாணவர்கள் கியர் (பற்சக்கரம்) வெட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் எங்களை வரவேற்று, "யாருங்க சேரப் போறது?" என்று கேட்டார். மகளைக் காட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். "கண்ணு, இந்த டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று சுற்றும். 24 பல் வெட்டணும். ஒரு பல்லுக்கு எத்தனை சுற்று?" என்றார். அவள் தரையிலேயே எழுதினாள். 40ஐ 24ஆல் வகுத்தாள். ஒன்றே மூன்றில் இரண்டு என்றாள். "முழுச் சுற்று ஒன்று சரி. அந்த மூன்றில் இரண்டை எப்படிச் சுற்றுவே?" என்று கேட்டு, துளைகள் வட்ட வட்டமாக இருந்த தகட்டைக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தாள். 18 துளை உள்ள வட்டத்தில் 12 துளை நகர்த்த வேண்டும் என்றாள். பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தக் கணக்கு பிடிபட நான்கு வருடம் ஆனது, அதுவும் ஜாப்பைக் கெடுத்துக் கெடுத்து.

டர்னர், மெஷினிஸ்ட் என்ற இரண்டில் எது என்று பலர் குழம்புகிறார்கள். டர்னர் படிப்பின் மையம் லேத், அதில் ஜாப் சுற்றும். மெஷினிஸ்ட்டுக்கு மில்லிங், காடி வெட்டும் ஸ்லாட்டிங், தேய்த்து அளவாக்கும் கிரைண்டிங், கியர் வெட்டுதல் எல்லாம் வரும், மில்லிங்கில் டூல் சுற்றும். இரண்டும் இரண்டு வருடம், பத்தாவதில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும், இரண்டிலும் சிஎன்சி உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் அது பொருந்தும்.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனமாக்கியிருக்கிறார்கள். அங்கே அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் என்று புதுப் பிரிவும் வந்திருக்கிறது. மகளுக்கு அதில் ஆசை வந்தது. யோசித்து மெஷினிஸ்ட்டையே முதல் விருப்பமாகப் போடச் சொன்னேன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் போன்ற இடங்கள் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) அறிவிப்பு வெளியிடும்போது மெஷினிஸ்ட் என்ற பெயரைக் காலங்காலமாகப் போட்டு வருகிறார்கள். புதுப் பிரிவின் பெயர் எல்லா அறிவிப்பிலும் ஏறும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. இது என் கணிப்புதான். அப்ரண்டிஸ் அறிவிப்புகளை எடுத்து வைத்து, பிரிவின் பெயர் இருக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

அப்ரண்டிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2019இல் திருத்திய விதிப்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று அந்த விதியில் வைத்தார்கள். ஒரு வருடம் முடித்துத் தேர்வெழுதினால் இன்னொரு தேசியச் சான்றிதழ் கையில் இருக்கும். எனவே பிள்ளையைச் சேர்க்கும்போதே, போன வருடம் முடித்தவர்கள் எந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸ் போனார்கள் என்று கேளுங்கள். ஓடுகிற நிலையத்தில் பயிற்றுநர் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.

ஐ.டி.ஐ. போனால் மேற்படிப்பு போச்சு என்பது எங்கள் உறவில் பெரியவர்கள் எல்லாரும் சொன்னது. அது சரியில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாமாண்டு சேரலாம், டிப்ளமோ முடித்து பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாமாண்டு போகலாம். பத்தாவது முடித்து நேரே டிப்ளமோ படித்தால் மூன்று வருடம், ஐ.டி.ஐ. வழியாகப் போனால் நான்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோ போகிறவருக்கும் அதே நான்குதான். அந்த நான்கில் இரண்டு வருடம் மெஷினில் நின்றிருப்பார் என்பது ஐ.டி.ஐ.காரரின் லாபம். பாலிடெக்னிக் என்று முடிவு செய்தவர்கள் இங்கே பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக்கில் உள்ளதுபோன்ற சாண்ட்விச் டிப்ளமோவைப் பார்க்கலாம். மூன்றரை வருடம் ஆகும், இடையிடையே தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள்.

வசதி உள்ளவர்களுக்கு டூல் ரூம் படிப்பு இருக்கிறது. அச்சும் டையும் செய்யும் படிப்பு. 1959இல் கேரளத்தில் தலச்சேரிக்குப் பக்கம் நெட்டூரில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய என்.டி.டி.எஃப்., 1968இல் ஐதராபாத்தில் வந்த மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம், 1972இல் டென்மார்க் உதவியோடு பெங்களூரில் வந்த ஜி.டி.டி.சி. என்ற அரசு டூல் ரூம் பயிற்சி மையம் என்று நல்ல பெயர் உள்ள இடங்கள். என் மச்சினர் மகன் பெங்களூரில் இந்தப் படிப்பு முடித்து இன்று என்னைவிட மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறான், மைக்ரான் கணக்கில் வேலை. சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கட்டணமும் விடுதியும் சேர்ந்து என் மச்சினர் ஒரு சைட்டை (வீட்டு மனையை) விற்றார். எங்களிடம் விற்க சைட் இல்லை.

கோவையில் இதைப் பேச நமக்கு ஒரு பழைய உரிமை உண்டு. ஜி.டி. நாயுடு 1945இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல் முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் பொறியியல் படிப்பு நீளம், கையால் செய்து கற்றால் இரண்டு வருடம் போதும் என்று வாதிட்டார், அது ஏற்கப்படாததால் விலகினார். அவர் ஊரில் பெற்றோர்கள் இன்றைக்கும் பிள்ளையைச் சேர்க்கக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருட இணைப்பில் ஐ.டி.ஐ.க்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். செய்தியாளர்களை அலுவலக அறைக்கு மட்டும் அனுப்பாமல் பட்டறைக்கு உள்ளே அனுப்புங்கள். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு நிலையத்திலும் மெஷினிஸ்ட், டர்னர் பிரிவில் எத்தனை பிள்ளைகள், ஓடுகிற மெஷின் எத்தனை, நிற்கிறது எத்தனை, பயிற்றுநர் இடம் காலியா, போன வருடம் அப்ரண்டிஸ் போனவர்கள் எத்தனை பேர் என்று அட்டவணை போடுங்கள். நூறு விளம்பரம் தராத உதவியை அந்த ஓர் அட்டவணை தரும்.

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும் தங்கள் வழியாக ஒன்று கேட்கிறேன். விண்ணப்பம் வாங்கும் மே, ஜூன் மாதங்களில் சனிக்கிழமைதோறும் பட்டறையைப் பெற்றோருக்குத் திறந்துவிடுங்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் டர்னர் என்பதால் காவலாளியிடம் பேசி உள்ளே போனேன். பட்டறையே பார்த்திராத ஒரு கட்டடத் தொழிலாளியோ வீட்டு வேலை செய்யும் அம்மாவோ அப்படிப் போக முடியுமா? அவர்களுடைய பிள்ளைகள்தான் இந்தப் படிப்புக்கு அதிகமாக வருகிறார்கள். அப்படித் திறக்கும் சனிக்கிழமைகளில் எந்த நிலையம் கூப்பிட்டாலும் வந்து பெற்றோருக்குச் சுற்றிக் காட்ட நான் தயார். என்னோடு வேலை செய்யும் இன்னும் நான்கு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மகள் விண்ணப்பித்துவிட்டாள். அந்தப் பழைய லேத் உள்ள நிலையத்தைத்தான் முதலில் போட்டிருக்கிறாள். கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் திண்ணையில் என் பழைய வெர்னியர் அளவுகோலை வைத்து அளவு பார்க்கப் பழகுகிறாள், 0.02 மில்லிமீட்டர் வரை தப்பாமல் சொல்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு டர்னர்,
கணபதி, கோயம்புத்தூர்